குஞ்சும் குட்டியும் காக்கையும்: ஒரு தோட்டத்து வளவின் நிகழ்வு ஆய்வு

இங்கே எடுத்துக்கொண்ட வளவு (வீடும் அதைச் சுற்றிய இடமும்) தனி ஒருவருடையது அல்ல. ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கத்துத் தோட்டங்களில் திரும்பத் திரும்பக் காணும் அமைப்பைச் சேர்த்து ஒன்றாக வரைந்தது. நடுவில் ஓட்டுச் சாளை, அதாவது தோட்டத்து வீடு. கிழக்கே களம், களத்தோரம் ஒரு வேம்பு, நாலைந்து தென்னை. சாளையை ஒட்டி இரண்டு கறவை மாடுகள் நிற்கும் கட்டுத்தரை, அதன் பின்னால் பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு அடையும் பட்டி. பதினைந்து சிறுவிடைக் கோழிகள் பகலெல்லாம் வளவில் மேய்ந்து இரவில் கூட்டில் அடையும். அப்பால் கொஞ்சம் தக்காளி, பப்பாளி, கொய்யா. அதற்கும் அப்பால் நிலக்கடலைக் காடு.

இப்படிப்பட்ட வளவிலிருந்து வரும் முறையீடு ஏறக்குறைய ஒன்றுதான். பங்குனி, சித்திரையில் பொரித்த குஞ்சில் பாதி தேறுவதே பெரும்பாடு. முட்டை குறைகிறது. மேய்ச்சலில் ஈன்ற ஆட்டின் இரண்டாவது குட்டி கண்ணில் கொத்துப்பட்டுக் கிடக்கிறது. ஆடியில் விதைத்த கடலையை முளைவிடும்போதே பிடுங்கி எறிகின்றன. "காக்கா பெருத்துப்போச்சு" என்பார்கள். விடியலிலிருந்து பொழுது சாயும்வரை அதே வளவில் உட்கார்ந்து பார்த்தால் வேறு காரணம் தெரியும். காகம் குஞ்சுக்காக வளவுக்கு வருவதில்லை. வேறு தீனிக்காக நாள்தோறும் வருகிறது, வேம்பிலும் கூரையிலும் உட்கார்ந்து பழகுகிறது, அப்படி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் குஞ்சைக் கண்டுகொள்கிறது. ஆகவே செய்ய வேண்டிய வேலை இரண்டு. அதை அங்கே உட்கார வைக்கும் தீனியை எடுத்துவிட வேண்டும். நம் பொருள் திறந்து கிடக்கும் சில நாட்களை மட்டும் கெட்டியாக மூட வேண்டும். ஊரைவிட்டே விரட்டும் திட்டம் எதுவும் இதில் கிடையாது.

எந்தக் காகம்

கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக் காகம். 40 செ.மீ.க்குச் சற்று மேல் நீளம், 300 கிராம் அளவில் எடை. உடல் முழுக்கக் கறுத்து, தடித்து வளைந்த அலகோடு கனத்த குரலில் கத்துவது அண்டங்காக்கை, உருவில் பெரியது. வீட்டுக் காகம் கூட்டமாக வரும். தீவனத் தொட்டி, எச்சில் சோறு, முட்டை ஆகியவற்றில் அதற்குக் கண். அண்டங்காக்கை பெரும்பாலும் இணையாக வந்து ஒரு வட்டாரத்தைத் தன் எல்லையாக வைத்துக்கொள்ளும். குஞ்சையும் ஈன்ற குட்டியையும் துணிந்து தொடுவது அதிகமும் இதுதான். ஓர் இணையை எப்படியோ ஒழித்துவிட்டால் அந்த எல்லை காலியாக இருக்காது; அடுத்த இணை வந்து பிடித்துக்கொள்ளும். வந்த புது இணைக்கு நம் வளவின் பழக்கவழக்கம் தெரிந்துவிட அதிக நாள் பிடிக்காது.

ஒரு பகலின் தீனிக் கணக்கு

விடியலில் முதல் வருகை கட்டுத்தரைக்கு. சாணத்தில் செரிக்காமல் வந்த மக்காச்சோளக் குருணையும் ஈப்புழுவும் இருக்கும். சாணத்தைக் காலையிலேயே வழித்து எருக்குழியில் கொட்டி மேலே குப்பை மூடினால் இந்த வருகை குறையும். அதைவிட, முழுச்சோளம் சாணத்தில் வருகிறது என்றால் தீவனத்தைச் சரியாக அரைக்கவில்லை என்று பொருள். அந்த இழப்பு காகத்தால் வந்ததல்ல.

அடுத்தது கலப்புத் தீவனம். தொட்டியில் காலையில் கொட்டியதை மாடு பாதி தின்றுவிட்டு நகர்ந்ததும் கூரை விளிம்பிலிருந்து நான்கைந்து இறங்கும். தின்பது கொஞ்சம்தான், எச்சமிட்டுப் போவதுதான் கேடு. இருபது, முப்பது நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவை மட்டும் வைத்து, மிச்சத்தை அள்ளிவிட வேண்டும். ஆட்டுக்கு நாளுக்குத் தலைக்கு 200 முதல் 300 கிராம் அடர்தீவனம் என்றால் அதை முழுக்க மாலைக்கு மாற்றிவிடலாம். பொழுது சாயும் நேரத்தில் காகம் அடையும் மரத்தை நோக்கிப் போய்விடும், ஆடோ பட்டிக்குத் திரும்பியிருக்கும். செலவில்லாத மாற்றங்களில் இதுவே பெரியது.

தொட்டியின் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நைலான் கயிறு இழுத்துக் கட்டுவது இன்னொரு வழி. வீட்டுக் காகம் சிறகை விரித்தால் இரண்டரை அடிக்கு மேல் வரும். கயிற்றிடையே இறங்கத் தயங்கும். ஆனால் பக்கத்தில் இறங்கி நடந்து உள்ளே வந்துவிடும். பக்கவாட்டிலும் சாக்கோ வலையோ தொங்கினால்தான் கயிறு கட்டியதற்குப் பயன் உண்டு.

தண்ணீர்த் தொட்டியை யாரும் சந்தேகிப்பதில்லை. காய்ந்த எலும்பு, செத்த எலித் துண்டு, காய்ந்த பரோட்டா எதுவானாலும் காகம் தண்ணீரில் போட்டு ஊறவைத்துத் தின்னும். ஊறப்போட்டதை மறந்துவிட்டும் போகும். கோடையில் அது அங்கேயே அழுகும். அழுகிய இறைச்சியில் உண்டாகும் போட்டுலிசம் நஞ்சு கோழியின் கழுத்தைத் தளரவைத்துக் கொல்லும், மாட்டையும் சாய்க்கும். பெரிய தொட்டிக்குத் தகரமோ பலகையோ மூடி வேண்டும். கோழிக்குத் திறந்த சட்டியை விடக் கவிழ்த்த குடுவைத் தண்ணீர்க் கலன் நல்லது. தொட்டியை வாரம் ஒருமுறை அடிவரை வடித்துக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குடலும் மீன் செதிலும் குப்பைக்குழியில் மூடாமல் கிடந்தால் மற்ற ஆறு நாள் எடுத்த கவனம் வீண். ஒன்றரை அடிக் குழி, மேலே ஒரு கைச் சுண்ணாம்பு, பிறகு மண். செத்த கோழியை வேலியோரம் எறிவது இதைவிடக் கெட்ட பழக்கம். அது காகத்தை மட்டுமல்ல, நாயையும் நோயையும் சேர்த்துக் கூப்பிடும்.

காக்கைக்கு வைக்கும் சோறு

அமாவாசையில், திதியில், பல வீட்டில் அன்றாடமும் உண்பதற்கு முன் ஒரு பிடி சோறு காக்கைக்கு வைப்பார்கள். பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி வைப்பவர்களும் உண்டு. இதை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை; இடத்தை மாற்றினால் போதும். சிக்கல் என்னவென்றால், சோறு வைப்பது சாளை வாசலில், குஞ்சு மேய்வதும் அங்கேயே. ஒரே பருக்கைக்குக் குஞ்சும் காகமும் ஓரடித் தூரத்தில் நிற்கின்றன. தாய்க்கோழிக்கும் காகம் பக்கத்தில் நிற்பது பழகிவிட, அது குரல் கொடுப்பதையே விட்டுவிடுகிறது.

குஞ்சு மேயும் இடத்திலிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளி, சாளையின் மறுபக்கத்தில், இடுப்பு உயரக் கல்லிலோ மதில்மேலோ ஒரு பிடி மட்டும் வைக்கலாம். கோழி ஏறாத உயரம் என்பதே கணக்கு. கால்மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரவில் எலி வரும், எலியைத் தேடிச் சாரை வரும். நேரம் மாறாமல் வைத்தால் காகமும் அந்த நேரத்துக்குத்தான் வந்து கூப்பிடும். மற்ற நேரத்தில் வேறு வளவுகளில் சுற்றும்.

எடுத்தது யார்

காணாமல் போன எல்லாக் குஞ்சையும் காக்கைக் கணக்கில் எழுதிவிட்டால் தடுப்பு தவறான இடத்தில் போய் நிற்கும். பகலில் திறந்தவெளியில் ஒவ்வொன்றாகக் குறைந்தால் காகமோ வல்லூறோ. வல்லூறு சரேலென்று வந்து தூக்கிக்கொண்டு மறைந்துவிடும். அதற்குப் பின் சிறிது நேரம் வளவே அடங்கிக் கிடக்கும். காகம் அப்படியல்ல. ஒன்று தாய்க்கோழியின் முன்னால் நின்று சண்டைக்கு இழுக்கும், மற்றது பின்னால் ஒதுங்கிய குஞ்சைக் கவ்வும். கூச்சல் நீண்டு கேட்கும். இரவில் குறைந்தால் பூனை, எலி, பாம்பு. பாம்பு தடயமே விடாது. கூட்டுக்குள் பல கோழிகள் ஒரே சமயத்தில் கழுத்திலும் தலையிலும் கடிபட்டுச் செத்துக் கிடந்தால் கீரியைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

முட்டையிலும் வேறுபாடு உண்டு. காகம் முட்டையை அலகில் கவ்வித் தூக்கிப்போய் மதில்மேலோ மரத்தடியிலோ பக்கவாட்டில் துளைத்துக் குடிக்கும். ஓடு தள்ளிக் கிடக்கும். கூட்டுக்குள்ளேயே ஓடு நொறுங்கி, வைக்கோல் மஞ்சளாக ஊறியிருந்தால் கோழியே முட்டை தின்னப் பழகியிருக்கிறது. கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்துச் சுண்ணாம்புச் சத்துக் குறைவைச் சரிசெய்யாமல், வலை கட்டிப் பயனில்லை.

குஞ்சு

பொரித்த நாளில் நாட்டுக் குஞ்சு 30 கிராம் அளவு இருக்கும். நாலு வாரத்தில் 150, 200 கிராமுக்கு வரும். அதற்கு மேல் வீட்டுக் காகத்தால் தூக்க முடியாது, கொத்தத்தான் முடியும். ஆறு வாரம் தாண்டிய குஞ்சு ஓடவும் ஒளியவும் கற்றிருக்கும். ஆக, மூட வேண்டிய காலம் ஆறு வாரம். ஆண்டு முழுவதும் வளவையே வலையால் மூடுகிறவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள்.

கொடாப்பு (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) நல்ல பொருள், பயன்படுத்தும் விதத்தில்தான் தவறு நடக்கிறது. தாயை அதனால் மூடிவிட்டுக் குஞ்சு மட்டும் வந்துபோக ஓரத்தில் கல்லை வைத்துத் தூக்கிவிடுவார்கள். தாய் உள்ளே, குஞ்சு வெளியே. காப்பதற்கு ஆள் இல்லாத நிலையை நாமே உண்டாக்குகிறோம். கொடாப்பில் இரண்டையும் சேர்த்து அடைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அந்த இடம் போதாது.

ஒரு தாயும் பன்னிரண்டு குஞ்சும் ஆறு வாரம் இருக்க எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் தூக்கி வைக்கக்கூடிய சட்டக்கூண்டு போதும். முக்கால் அங்குல இரும்புக் குழாயோ மூங்கிலோ எதுவும் ஆகும். பக்கத்தில் அடியிலிருந்து ஓரடிக்கு அரை அங்குல வெல்டுமெஷ், எலிக்காக. அதற்கு மேல் ஓரங்குலக் கம்பிவலை. மேலே 50 சதவீத நிழல்வலை. வெயிலும் தாங்கும், மேலிருந்து பார்க்கும் காகத்துக்கு உள்ளே தெளிவாகத் தெரியவும் தெரியாது. தரையில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றினால் எச்சம் தேங்காது, ரத்தக்கழிச்சல் குறையும்.

இந்தக் கூண்டு தோற்கும் இடங்கள் மூன்று. மேல்வலை தொய்ந்தால் காகம் அதன்மேல் நின்று அமிழ்த்தி, துள்ளும் குஞ்சை வலையோடு சேர்த்துக் கொத்தும். நடுவில் குறுக்குக் கம்பி கொடுத்து இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டாவது, குஞ்சு மதிய வெயிலில் வலையோரம் ஒட்டிப் படுக்கும். காகம் வெளியிலிருந்து காலையோ தலையையோ கவ்வி இழுக்கும். கூண்டுக்குள்ளே தலையில்லாத குஞ்சு கிடந்தால் இதுதான் நடந்திருக்கும். சுற்றிலும் ஓரடி உயரத்துக்குச் சாக்கோ பலகையோ வைத்து மறைக்க வேண்டும். மூன்றாவது, மலிவு என்று பழைய மீன்வலையைப் போர்த்துவது. அதில் சாரையும் கரிச்சானும் (இரட்டைவால் குருவி) சிக்கிச் சாகும். சிக்கியதைக் கொத்தக் காகமும் வரும்.

தீவனம் கூண்டுக்குள்ளேயே. முதல் வாரம் குஞ்சுக்கு நாளுக்கு 10 கிராம் அளவில் தொடங்கி ஆறாவது வாரம் 35, 40 கிராம் வரை போகும். கூண்டுக்கு வெளியே சிந்தும் கம்பும் குருணையும் காகத்துக்கு அழைப்பு. தட்டைக் கூண்டின் நடுவில் வைத்தால் சிந்தல் உள்ளேயே நிற்கும்.

திறந்துவிட்ட பின் குஞ்சுக்கு வேண்டியது ஒளிய இடம். பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றாக ஆமணக்குச் செடி, துவரைப் புதர், தரையிலிருந்து முக்கால் அடி தூக்கிப் பரப்பிய முள்போர், பழைய கயிற்றுக்கட்டில், எதுவும் உதவும். பெருக்கிப் பளிச்சென்று வைத்த வாசல் பார்க்க அழகுதான், குஞ்சுக்கு அதைவிட ஆபத்தான இடம் இல்லை. கிரிராஜா, வனராஜா என்று பொரிப்பகத்திலிருந்து வாங்கிய குஞ்சுக்குத் தாயும் இல்லை, எச்சரிக்கைக் குரலைக் கேட்ட பழக்கமும் இல்லை. அவற்றை எட்டு வாரம் வரை அடைத்தே வளர்க்க வேண்டும்.

அடை வைக்கும் நாளையே மாற்றுவது இன்னொரு வழி. காகம் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பது இங்கே பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன், ஜூலை வரை. இரை அதிகம் தேவைப்படுவதும் அப்போதே. மார்கழிக் கடைசியில் அடை வைத்தால் 21 நாளில், தை நடுவில் பொரிக்கும். சித்திரை பிறக்கும்போது குஞ்சு பத்து வாரத்தை எட்டியிருக்கும்.

முட்டைக்கு

கோழி முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிப்பதைக் காகம் நன்றாகக் கற்றுவைத்திருக்கிறது. இட்ட இடம் திறந்திருந்தால் கோழி நகர்ந்த ஐந்தாவது நிமிடத்தில் முட்டை போய்விடும். ஓரடிச் சதுரத்தில், ஒன்றேகால் அடி உயரத்தில் பெட்டி, நாலைந்து கோழிக்கு ஒன்று. வாய் சுவரைப் பார்த்திருக்க வேண்டும், இடையே கோழி நுழைய ஒன்றரை அடி. வாயில் சாக்கைப் பட்டை பட்டையாகக் கிழித்துத் தொங்கவிட்டால் கோழி நுழையும், இருட்டுக்குள் காகம் தலை விடாது. காலை பத்து மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் எடுத்துவிட வேண்டும். காலி முட்டையில் மிளகாய்த்தூளை அடைத்து வைத்துக் காகத்துக்குப் பாடம் கற்பிக்கும் கைவைத்தியம் ஊரெங்கும் உண்டு. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. மிளகாய்ப்பழத்தைக் கிளி தின்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஈற்று

வெள்ளாடு சினை ஐந்து மாதம், 150 நாளை ஒட்டி. கிடாய் சேர்ந்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்தால் ஈற்று நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஆட்டை மேய்ச்சலுக்கு அனுப்பாமல் பட்டியில் நிறுத்தலாம். காகத்தால் குட்டி போவதில் பெரும்பங்கு இந்தக் குறிப்பு இல்லாததால் வருவது. மேற்புறமும் மூன்று பக்கமும் மூடிய, ஐந்தடிக்கு நாலடி அறை ஒன்று போதும். மடி இறுகி, வால் அடி தளர்ந்து குழிவிழுந்தால் அன்றோ மறுநாளோ ஈனும்.

இரட்டைக் குட்டியில்தான் ஆபத்து. தாய் முதல் குட்டியை நக்கிக்கொண்டிருக்கையில் இரண்டாவது ஈரத்தோடு தனியே கிடக்கும். காகம் முதலில் நஞ்சுக்கொடிக்காக வரும். பிறகு கண், நாக்கு, தொப்புள், ஆசனவாய் என்று மென்மையான இடமாகக் கொத்தும். எழுந்து நின்று பால் குடித்துவிட்ட குட்டியைத் தொடுவது அரிது. எனவே காவல் வேண்டியது ஈன்ற முதல் சில மணி நேரம். மூக்கு, வாய்ச் சளியைத் துடைத்து, தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஓரங்குலம் விட்டுக் கட்டி வெட்டி, 7 சதவீத டிங்க்சர் அயோடினில் நனைத்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்ததும் அங்கே கிடக்கவிடாமல் இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். பசுவின் நஞ்சுக்கொடியைப் பலர் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. ஈற்று நடக்கும் கட்டுத்தரைக்குத் தொலைவில் என்றால் அதனால் தொல்லை இல்லை. பசுவுக்கு 12 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழாவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தொங்கும் நஞ்சுக்கொடியைக் காகம் கொத்தி இழுத்துக்கொண்டே இருக்கும்.

கண்ணில்லாமல் செத்துக் கிடக்கும் குட்டியைக் காகம்தான் கொன்றது என்று முடிவுகட்டுவதற்கு முன் நான்கைப் பார்க்கலாம். கொத்திய இடத்தைச் சுற்றி ரத்தம் கன்றியிருந்தால் உயிரோடு இருக்கையில் கொத்தியது. வெளிறிக் கிடந்தால் செத்த பின். குளம்பின் அடியில் பிறக்கும்போது இருக்கும் மெத்தென்ற மஞ்சள் தோல் தேயாமல் இருந்தால் குட்டி எழுந்து நடக்கவே இல்லை. வயிற்றில் பால் கட்டி இல்லையென்றால் குடிக்கவும் இல்லை. நுரையீரல் துண்டைத் தண்ணீரில் போட்டு, அது மூழ்கினால் மூச்சே விடவில்லை, செத்தே பிறந்தது. இப்படிப் பார்க்கையில் காகத்தின் பெயரில் எழுதிய பல சாவுகள் தாய்க்குத் தீனி போதாமை, நீண்ட ஈற்று, சீம்பால் கிடைக்காமை ஆகியவற்றின் கணக்குக்கு மாறிவிடும். அதற்குத் தடுப்பு, சினையின் கடைசி ஆறு வாரத் தீனியில் இருக்கிறது.

மாட்டின் முதுகில்

மாட்டின் காதிலும் மடியிடுக்கிலும் உண்ணி பொறுக்கும் காகத்தை மாடே தலையைச் சாய்த்துக்கொடுத்து அனுமதிக்கும். அதை விரட்ட வேண்டாம். நுகப்புண், கொம்படிப் புண், ஈ மொய்க்கும் காயம் இருந்தால் மட்டும் கதை மாறும். பொறுக்க வந்தது புண்ணைத் தோண்டத் தொடங்கும், ஒருநாள் விரலளவாக இருந்தது மறுநாள் உள்ளங்கையளவாகும். புண்ணை ஆற்றுவதே காகத்தடுப்பு. மரபு மருத்துவ முறையில் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள்தூள் 20 கிராம் அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்துத் தடவுவார்கள். புழு வைத்திருந்தால் முதல் நாள் மட்டும் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயோ சீத்தா இலை விழுதோ வைத்துப் புழுவை வெளியேற்றிவிட்டுப் பிறகு இதைப் போட வேண்டும். ஆறும்வரை முதுகில் ஈரமில்லாத சாக்கைக் கட்டிவிடலாம். ஆழமான புண்ணை வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டாம்.

கடலையும் தக்காளியும்

கடலையை 4, 5 செ.மீ. ஆழத்தில் போட்டு மண்ணை நன்றாக மிதித்து அமுக்கினால் பாதி வேலை முடிந்தது. மேலாக விழுந்த பருப்பே காகத்துக்கு வழிகாட்டி. ஒன்று கிடைத்தால் அதே உழவு வரியைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகும். விதைத்த அன்றே சிந்தியதைப் பொறுக்க ஒரு ஆள் கூலி கொடுப்பது இழப்பல்ல. ஆபத்துக் காலம் மண் வெடிக்கும் ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு இலை விரியும் பன்னிரண்டாம் நாள் வரை. மின்னும் நாடாவைக் கட்டுவது அந்த ஒரு வாரத்துக்கு மட்டும். ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டினால்தான் காற்றில் இரையும், மின்னும். விதைத்த அன்றே கட்டினால் முளை வெடிக்கும் நாளில் காகம் அதற்குப் பழகியிருக்கும். பக்கத்துக் காட்டுக்காரரும் அதே வாரம் விதைத்தால் சேதம் பங்காகும். தனியாக முந்தி விதைத்தவர் காட்டில்தான் மொத்தக் கூட்டமும் இறங்கும்.

உழும்போது காகம் சாலில் நடந்து வெள்ளை வேர்ப்புழுவையும் பிள்ளைப்பூச்சியையும் தின்பதை எல்லோரும் பார்க்கிறோம். கடலைக்கு வேர்ப்புழு பெரிய பகை. கோடை உழவைக் காலையில் போட்டால் அந்த வேலை இலவசமாக நடக்கும்.

தக்காளியைக் கோடையில் கொத்துவது பெரும்பாலும் தாகத்தால். தோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்து, காயை நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்து வீட்டில் பழுக்கவிட்டால் போதும். கொய்யாவுக்கும் மாதுளைக்கும் பை கட்டலாம். பப்பாளியில் ஒரு கோடு மஞ்சள் விழுந்ததும் இறக்கிவிட வேண்டும்.

பலிக்காதவை

சோளக்கொல்லைப் பொம்மை மூன்று நாள். அதன் சட்டையை மாற்றி இடத்தை மாற்றினால் இன்னொரு மூன்று நாள். கவண் எறிகிறவரைக் காகம் முகத்தால் அறியும். அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் ஒரு முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து விட்டார்கள். பல ஆண்டுக்குப் பின்னும் அந்த முகமூடியைக் கண்டால் அங்குள்ள காகங்கள் கத்தித் துரத்தின. நம் ஊரிலும் கவண்காரர் வெளியூர் போன அன்றைக்கு அவை தாராளமாக இறங்கும்.

செத்த காகத்தைக் கட்டித் தொங்கவிடுவது சில நாள் பலிக்கும். கூடிக் கத்திவிட்டு இடத்தைத் தவிர்க்கும். அதற்காகக் காகத்தைக் கொல்வது இப்போது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம் தீங்குயிர்ப் பட்டியலான ஐந்தாம் அட்டவணையில் இருந்தது. 2022 டிசம்பரில் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. காகம் இரண்டாம் அட்டவணைக்குப் போய்விட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் வரும். கறுப்புத் துணியும் பழைய இறகும் வைத்துச் செய்த பொய்க் காகமும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், அதே சில நாளுக்கு.

சோற்றில் குருணை வடிவப் பூச்சிமருந்து கலந்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை முதலில் தின்பது சொந்தக் கோழி, அடுத்து நாய். கொங்குப் பக்கம் மயில் இறங்காத தோட்டம் இல்லை, மயிலோ முதல் அட்டவணையில் இருப்பது. காகமோ கண்டுகொள்ளும்; ஒன்று செத்ததும் மற்றவை அந்தச் சோற்றை விட்டுவிடும்.

கூடு கட்டும் பருவம்

சித்திரை, வைகாசியில் வேம்பில் காகம் கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறக்கத் தொடங்கும் முன்பின் இரண்டு மூன்று வாரம் தலையில் தட்டும். பின்னாலிருந்துதான் வரும். அந்த நாட்களில் குடையோ முண்டாசோ வைத்துக்கொண்டு வேறு பாதையில் போவதே வழி. கீழே விழுந்த காகக் குஞ்சைக் கையில் எடுத்தால் தட்டு இரண்டு மடங்காகும். நாயோ பூனையோ வரும் இடமானால் மண்வெட்டியில் ஏந்திப் பக்கத்துப் புதர்மேல் விட்டுவிடலாம். சாளைக்கு மேல் நீளும் கிளையைக் கழிப்பதானால் கூடு காலியாக இருக்கும் மார்கழி, தை நல்லது.

வளவில் கரிச்சான் கூடு கட்டினால் அந்த மரத்தை மட்டும் தொடாமல் விட வேண்டும். உருவில் சின்னது, காகத்தின் முதுகிலேயே ஏறிக் கொத்தித் துரத்தும். அதன் கூட்டைச் சுற்றிய இடத்தில் காகம் உட்காரத் தயங்கும். கூலியில்லாத காவல் என்பதால் மேயும் குஞ்சுக்கு அந்த மரத்தடியே சிறந்த இடம்.

காகங்கள் சாகும்போது

மின்மாற்றியின் கீழ் ஒற்றைக் காகம் செத்துக் கிடந்தால் பெரும்பாலும் மின்சாரம்தான் காரணம். ஓரிரு நாளில் ஒரே பகுதியில் பல காகங்கள் விழுந்தால், கழுத்து திருகிச் சுற்றிச் சுற்றி வந்தால், பறவைக்காய்ச்சலை நினைக்க வேண்டும். 2020 கடைசியில் ராஜஸ்தானின் ஜாலாவாரிலும், அதை அடுத்து மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலும் காகங்களே முதலில் செத்து நோயைக் காட்டிக்கொடுத்தன. அதே சமயத்தில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயத்தில் வாத்துகள் செத்தன. மாதிரிகள் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும்.

அப்படி ஒரு சாவு தெரிந்த அன்றே கோழிகளை அடைத்துவிட வேண்டும்; கூட்டின் மேல் தார்ப்பாய், காகமும் அதன் எச்சமும் விழாமல் இருக்க. செத்த காகத்தை வெறுங்கையால் எடுக்கக் கூடாது, நாய்க்கும் எட்டக் கூடாது. 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்தோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை அந்த இடத்தைக் கூடையால் மூடி வைக்கலாம். கூட்டுக்குள் போக ஒரு செருப்பைத் தனியாக வைத்து, வாசலில் சுண்ணாம்புத் தூளைப் பரப்ப வேண்டும். கோழிச் சந்தைக்குப் போவதும் புதுக்கோழி வாங்குவதும் அதுவரை நிற்கட்டும். திறந்த தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இன்னும் போடவில்லை என்றால் அதையும் அன்றே போட்டுவிட வேண்டும்.